ஸஹனில் இடம் மறுக்க வாய்ப்பூஞ்சை ஒரு காரணமா?

வலீமா விருந்துகளில் மூவரும் நால்வருமாய் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது நம் ஊர்கள் பலவற்றின் அழகிய வழக்கம். சேர்ந்து உண்பதில் பரக்கத் உண்டென்று பெருமையாகச் சொல்கிறோம். ஆயினும் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரிந்து, அவர் நாவில் வெண்படலமும் தென்பட்டுவிட்டால், அவருக்கு மட்டும் தனித்தட்டு வருகிறது.

அந்தப் படலத்திற்குப் பெரும்பாலும் காரணம் கேண்டிடா எனும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. அது அவரிடம் மட்டும் குடியிருப்பதன்று. நலமாயிருக்கும் நம்மில் பலரது வாயிலும் தொல்லை தராமல் வாழ்கிறது. பச்சிளங்குழந்தையின் நாவில் மாவு படிந்தாற்போல் தோன்றுவதை வீட்டுப் பெரியவர்கள் அக்கரம் என்பார்களே, அதுவும் பெரும்பாலும் இதன் வேலையே. நீரிழிவு உள்ளோர், பல்செட் அணிவோர், ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் பயன்படுத்துவோர் வாயிலும் இது பெருகக்கூடும். அவர்களை எவரும் ஸஹனிலிருந்து எழுப்பியதில்லை!

எச்.ஐ.வி. கிருமி சிடி4 அணுக்களை அழிக்கும்போது உடலின் காவல் தளர்கிறது. அடங்கியிருந்த பூஞ்சை பெருகுகிறது. உணவுக்குழாய்க்கும் பரவினால் உமிழ்நீர் விழுங்குவதே வேதனை. பூஞ்சைக்கொல்லி மருந்து அதைத் தணிக்கும். ஆனால் காவலை மீட்டுத் தருவது ஏ.ஆர்.டி. கூட்டுமருந்து, 2004 முதல் இந்திய அரசு அதை இலவசமாக வழங்கிவருகிறது. ஆகவே வெண்படலத்தைக் கண்டால் அந்தச் சகோதரரை மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். எச்.ஐ.வி. எச்சிலாலோ, ஒரே தட்டில் உண்பதாலோ பரவுவதில்லை.

தனித்தட்டுக்கு அஞ்சுபவர் மாத்திரையை மறைக்கிறார். மறைத்து மறைத்து ஒருநாள் விட்டுவிடுகிறார். ரமளானிலோ, பிறர் கேள்விக்கு அஞ்சித் தொண்டைப் புண்ணோடும் நோன்பு நோற்கிறார். நோயாளி வேறு நாட்களில் நோற்கலாம் என்று அல்பகரா அத்தியாயத்தில் (2:184, 185) அல்லாஹ் சலுகை அளித்திருக்க, அதைப் பறிக்க நாம் யார்? 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் வேலையிலும் கல்வியிலும் சிகிச்சையிலும் பாகுபாட்டைத் தடுக்கிறது. விருந்துப் பந்திக்குள் சட்டம் வராது. அங்கே பேச வேண்டியவர்கள் ஜமாஅத் நிர்வாகிகளும் இமாம்களுமே. ஒரு ஜும்ஆ பயானில் இதைச் சொல்லலாம்.

அவர் தாமாகவே வேறு உணவு கேட்டால் தருவோம். புண்பட்ட வாய்க்குக் காரம் ஆகாது; ஆறவைத்த நோன்புக் கஞ்சி எளிதாய் இறங்கும்.