கரண்ட் இல்லாமலே தக்காளியைக் குளிர வைக்கலாமா? தர்மபுரிக்குக் கைகொடுக்குமா கதிர்வீச்சுக் குளிர்ச்சி?

தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு வட்டாரத்தில் தக்காளி முக்கியப் பயிர். வரத்து கூடி விலை சரிந்தால், பறிப்புக் கூலிக்குக்கூட கட்டுப்படியாகாது. நாலு நாள் வச்சு விற்கலாம்னா, குளிர்பதனக் கிடங்கு எல்லோருக்கும் எட்டுவதில்லை. வயலிலேயே, மின்சாரம் இல்லாமல் குளிர்விக்க முடியுமா?

எப்படி நடக்கிறது?

எல்லாப் பொருளும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விடுகிறது. இதில் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் அலைநீளக் கதிர்களைக் காற்று அதிகம் தடுக்காது. அவை விண்வெளிக்கே போய்விடும். தெளிந்த இரவில் மொட்டை மாடி சில்லுன்னு ஆவது இதனால்தான்.

பகலில் என்ன கணக்கு?

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட் வெப்பம் விழும். கூரை வானத்துக்கு இழப்பதோ சுமார் 100 வாட்தான். ஆக, 90 சதவீதத்துக்கு மேல் வெயிலைத் திருப்பி அனுப்பினால்தான் லாபம். 2014-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகக் குழு, 97% வெயிலைத் திருப்பும் தகட்டை நேரடி வெயிலில் வைத்து, காற்றைவிட 4.9 டிகிரி குறைத்துக் காட்டியது.

சிக்கல் எங்கே?

மேகம், ஈரப்பதம் இருந்தால் பலன் குறையும். தூசி படிந்தாலும் கணக்கு உதைக்கும். 38 டிகிரியில் 5 குறைந்தாலும் 33. தக்காளி நாள்பட நிற்க 10 முதல் 15 டிகிரி வேண்டும்.

அப்போ வழி?

டெல்லி பூசா நிறுவனம் உருவாக்கிய, மணலில் தண்ணீர் விடும் செங்கல் அறையோடு இந்தக் கூரையைச் சேர்க்கலாம். இரண்டுக்குமே வறண்ட காற்று சாதகம். குளிர்பதனக் கிடங்குக்கு இது மாற்று அல்ல. ஆனால் பறித்ததிலிருந்து வண்டி ஏறும்வரை தக்காளி சூடேறாமல் பார்த்துக்கொண்டால், அழுகுவதாவது தள்ளிப்போகும்.