தெரு லாயமன்று

வீட்டு வாசலில் வண்டி நிறுத்துவது அவரவர் சௌகரியத்தைப் பொறுத்த சொந்த விஷயம் என்பது பெரும்பாலோர் கொண்டுள்ள அபிப்பிராயம். மற்ற ஊர்களில் இதனால் விளைவது அண்டை வீட்டாரிடையே மனத்தாங்கலும் வாய்ச்சண்டையுமே. வெம்பக்கோட்டையிலும் அதனைச் சூழ்ந்த பட்டாசுக் கிராமங்களிலுமோ இதுவே உயிர்ப் பிரச்னையாகிவிடுகிறது. ஆதலின், தெருவில் வண்டி நிறுத்துவதற்கு ஊரார் கூடி விதி வகுக்க வேண்டுமா, வேண்டாமா என்னும் வாதத்தை அற்ப விவகாரமென்று தள்ளிவிட நாம் ஒருப்படோம்.

விடியுமுன் கிராமந்தோறும் சென்று தொழிலாளரை ஏற்றிவரும் வேன்களும், சரக்கேற்றும் சிறு லாரிகளும் இரவில் தங்குவது பெரும்பாலும் டிரைவர்களின் வீட்டுத் தெருவிலேயே. “கடன் பட்டு வாங்கிய வண்டி, கண் பார்வையில் நின்றால்தான் டயரும் டீசலும் தப்பும். ஊருக்கு வெளியே விட்டுவிட்டு எப்படி உறங்குவது?” என்று அவர்கள் கேட்கிறார்கள். “பிரசவ வேதனைப்படும் பெண்ணை ஏற்ற 108 வண்டி வந்தால் உள்ளே நுழைய இடமில்லையே, தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி எவ்வழியே வரும்?” என்று மற்றொரு சாரார் கேட்கிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் இரண்டும் சமமான நியாயங்களல்ல. ஒன்று பொருளைப் பற்றியது. மற்றொன்று பிராணனைப் பற்றியது.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாயிருக்கவில்லை. 1812ஆம் வருஷத்திலேயே இங்கிலாந்தில், கோச்சு வண்டிகளைப் பொது வீதியில் நெடுநேரம் நிறுத்திவைத்த ஒருவர் மீது வந்த வழக்கில், அரசனின் பாட்டையைக் குதிரை லாயமாக்கிக்கொள்ள எவருக்கும் உரிமையில்லை என்ற கருத்துப்பட எல்லன்பரோ பிரபு தீர்ப்புரைத்தார். வீதி போக்குவரத்துக்கே உரியது என்பதுதான் அதன் சாரம். நமது 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவும், பிறருக்கு அபாயமோ இடையூறோ நேரும்படி பொது இடத்தில் வண்டியை விடலாகாதென விதிக்கிறது. 117ஆம் பிரிவின்படி, ஸ்தல ஸ்தாபனத்தைக் கலந்துகொண்டு வண்டி நிறுத்துமிடங்களைக் குறிக்க இடமுண்டு. ஆகவே, குறை சட்டத்தில் இல்லை. அதனைக் கையாளும் ஊக்கத்திலேதான் இருக்கிறது.

வண்டி காலியாய் நிற்பது ஒன்று. சரக்குடன் நிற்பது வேறொன்று. இவ்வேற்றுமையை ஒருவரும் மறத்தலாகாது. 2016ஆம் வருஷம் அக்டோபர் 20ஆம் தேதி சிவகாசியில் நிகழ்ந்த கோரத்தை நேயர்கள் மறந்திரார். பட்டாசுக் கிடங்கில் வண்டிச் சரக்கைக் கையாளும் வேளையில் தீ மூண்டது. மாண்டவர் எண்மருக்குக் குறையவில்லை. அவர்களிற் பலர் பட்டாசுத் தொழிலுடன் சம்பந்தமே இல்லாதவர்கள். அடுத்த கட்டடத்திலிருந்த ஸ்கேன் நிலையத்திற்கு வந்து புகையிற் சிக்கியவர்கள். அண்டை வீட்டான் வைத்திருக்கும் மருந்து நம் வீட்டுச் சுவரை மதிப்பதில்லை. 2021 ஜூன் மாதத்தில் வெம்பக்கோட்டையை அடுத்த தாயில்பட்டியில், வீட்டிலே பட்டாசு செய்ததால் நேர்ந்த வெடிப்பில் ஒரு குழந்தையும் மாண்டது. 2024 பிப்ரவரி 17ஆம் தேதி ராமுதேவன்பட்டி ஆலை விபத்தில் பத்துப் பேர் மடிந்தனர். ஆலைக்கு இடைவெளியும் சுவரும் விதித்திருக்கும்போதே இக்கதியென்றால், குழந்தைகள் உறங்கும் தெருவில் சரக்கு வண்டியை நிறுத்துவதை என்னென்று சொல்வது? 1884ஆம் வருஷத்து வெடிபொருட் சட்டமும் 2008ஆம் வருஷத்து விதிகளும் ஏற்பட்டது அலங்காரத்திற்காகவா?

அன்னிய நாடுகளின் அனுபவத்தையும் நோக்குவோம். ஜப்பானில் 1962ஆம் வருஷத்துச் சட்டப்படி, நிறுத்த இடமுண்டு என்று போலீசாரின் அத்தாட்சி பெற்றே கார் வாங்க முடியும். அதை அப்படியே இங்கே கொணர்தல் தகாது. முற்றமில்லாத ஓரறை வீட்டில் வாழும் ஏழைக்கு, இடமில்லையாதலால் வண்டியும் இல்லையென்பது அவன் வயிற்றில் அடிப்பதாகும். நமக்கு வேண்டுவது தண்டனையை முந்தவிடாது வசதியை முந்தவிடும் விதி.

நாம் கூறும் யோசனைகள் இவை. முதலாவது, பட்டாசோ மருந்தோ ஏற்றிய எவ்வண்டியும் ஒரு நிமிஷமேனும் குடியிருப்புத் தெருவில் நிற்றலாகாது. இதில் தாட்சண்யத்திற்கு இடமே இல்லை. இரண்டாவது, காலி வேன்களுக்கும் லாரிகளுக்கும் ஊரோரத்தில் பொது நிறுத்துமிடம் ஒன்றைப் பஞ்சாயத்து ஏற்படுத்த வேண்டும். விளக்கும் இராக்காவலும் அங்கே அவசியம். அதன் செலவில் பெரும் பங்கை, அவ்வண்டிகளால் லாபமடையும் ஆலை முதலாளிகளே ஏற்பது நியாயம். மூன்றாவது, இரு சக்கர வண்டிகளுக்கும் சிறு வண்டிகளுக்கும் தடை வேண்டாம்; தெருவின் ஒரு பக்கத்தில் மட்டும் நிறுத்தி, தீயணைப்பு வண்டி செல்லும் அகலத்தை எப்போதும் விட்டுவைத்தாற் போதும். நான்காவது, பொது இடம் தயாராகும்வரை அபராதம் விதிக்கலாகாது. இடம் காட்டாமல் தண்டிப்பது கொடுங்கோன்மை. இடம் காட்டிய பிறகும் தண்டியாதிருப்பது கோழைத்தனம்.

இவ்விதிகளை உத்தியோகஸ்தர்கள் மேலிருந்து சுமத்துவதில் நமக்கு நம்பிக்கையில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய அந்நாட்களில் வரவு செலவைக் கேட்டுக் கையெழுத்திட்டுக் கலைவதோடு நில்லாமல், டிரைவரும் முதலாளியும், ஆலைக்குச் செல்லும் பெண்களும் ஒருங்கே அமர்ந்து இதனை விவாதித்துத் தீர்மானிக்கட்டும். தாமே இயற்றிய விதியை மீற மனிதன் நாணுவான். பிறர் இயற்றிய விதியை மீறுவதைச் சாமர்த்தியமென்றே எண்ணுவான்.

கரிசல் காட்டின் வறட்சியை வெல்ல, 1920களில் சிவகாசியிலிருந்து கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் இப்பிரதேசத்திற்குப் பிழைப்பைத் தந்தனர். சுதேசித் தொழிலின் அப்பெருமை, அதைச் செய்யும் ஜனங்கள் நிம்மதியாய் உறங்கும்போதே நிறைவு பெறும். டில்லியில் கொடி ஏற்றியதோடு சுயராஜ்யம் முடிந்துவிடவில்லை. தன் தெருவைத் தானே ஆளத் தெரியாத ஊர் எவ்வித சுயராஜ்யத்திற்கும் யோக்கியதை பெற்றதாகாது. வெம்பக்கோட்டை ஜனங்கள் அந்த யோக்கியதை தங்களுக்கு உண்டு என்பதை அடுத்த கிராம சபையிலேயே நிரூபிப்பார்களாக.