1719க்குப் பிறகும் தரங்கையில் சபை இருக்கிறது
தரங்கைப் பேராயருக்கு ஒரு திறந்த மடல்

மகா கனம் பேராயர் அவர்களுக்கு,

பொறையாற்றுப் பக்கத்துச் சபையார் ஒருவர் எழுதும் மடல் இது. திருச்சியில் உள்ள திருச்சபைத் தலைமையகமான தரங்கைவாசத்துக்குத் தனிக் கடிதமாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் சொல்லவந்த சங்கதி சபையார் எல்லாருக்கும் பொதுவானது. அதனால் எல்லார் பார்வைக்கும் வைக்கிறேன்.

கேட்பது ஒன்றுதான். தரங்கம்பாடி புதிய எருசலேம் ஆலயச் சபையின் வரலாற்றை எழுத ஏற்பாடு செய்யுங்கள். மிஷனரி சீகன்பால்க் ஐயரின் வரலாற்றைக் கேட்கவில்லை. அது ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் வேண்டிய மட்டும் இருக்கிறது. அந்த ஆலயத்தில் ஞாயிறுதோறும் வந்து உட்கார்ந்தவர்களின் வரலாறு வேண்டும். அதிலும் முக்கியமாகக் கடைசி அறுபது எழுபது ஆண்டுகள், கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்போதே.

ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளையை எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்: 1706 ஜூலை 9 சீகன்பால்க்கும் புளுட்சோவும் வந்து இறங்கியது, 1715 தமிழில் புதிய ஏற்பாடு முழுதும் அச்சானது, 1718 அக்டோபர் 11 இப்போதைய ஆலயம் பிரதிஷ்டையானது, 1719 பிப்ரவரி 23 ஐயர் காலமானது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டால் பிள்ளை விழிக்கும். பிள்ளை மட்டுமா, நாமும்தான். நம் பிரசங்கங்களிலும் விழா மலர்களிலும் 1719க்கும் இன்றைக்கும் நடுவே ஒன்றுமே நடக்காதது போல இருக்கிறது.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இங்கிருந்து மிஷனரிகள் அனுப்பிய கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் ஜெர்மனியின் ஹாலே நகரத்தார் 1710 முதல் அச்சிட்டு வந்தார்கள். உபதேசியார் யார், எந்த ஊரில் யார் மனந்திரும்பினார்கள், யார் சண்டை போட்டுக்கொண்டு விலகினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்த ஆவணங்களை அங்குள்ள ஃபிராங்கே நிறுவனம் இன்றும் கண்ணுக்குக் கண்ணாகப் பாதுகாக்கிறது. விளைவு, 1730இல் தரங்கையில் வாழ்ந்த ஒரு சபையாரைப் பற்றி ஜெர்மனியில் ஓர் ஆராய்ச்சி மாணவர் பத்துப் பக்கம் எழுதிவிடலாம். 1980இல் அதே ஆலயத்தில் ஞானப்பாட்டு பாடியவரைப் பற்றி எழுத, அவருடைய பேரப்பிள்ளைகளின் ஞாபகத்தைத்தான் நம்ப வேண்டும்.

விழாக்களைக் குறை சொல்ல வரவில்லை. 2006 ஜூலையில் மிஷனரிகள் வந்த 300ஆம் ஆண்டு. 2017இல் சீகன்பால்க் வாழ்ந்த வீடு புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகமாகத் திறந்தது. அடுத்த ஆண்டு ஆலயத்துக்கு 300 நிறைந்தது. 2019 ஜனவரி 14இல் நம் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு 100. பதினைந்து ஆண்டுக்குள் இத்தனை. ஒவ்வொன்றும் வேண்டியதுதான். ஆனால் இந்த விழாக்களில் உள்ளூர்ச் சபையார் விருந்தினரை வரவேற்பவர்களாகவும் பந்தி பரிமாறுபவர்களாகவும் இருந்தார்கள். மேடையில் சொல்லப்பட்ட கதையில் அவர்கள் இல்லை. ஆலய முகப்பில் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக்கின் முத்திரையும் கிரீடமும் இன்றும் இருக்கின்றன. ஆலயத்தைப் படம் பிடிக்க வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பிடிக்கிறார்கள். அது பயணிகளின் வழக்கம், போகட்டும். நமக்கும் அதே கண்தானா?

1719க்குப் பிறகு நடந்தது நிறைய. ஊரை ஆண்ட டேனிஷ்காரர்கள் 1845இல் அதை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். சபை லைப்சிக் மிஷன் கைக்கு வந்தது. முதல் உலகப் போர் மூண்டதும், ஜெர்மானியர்கள் என்பதால் அந்த மிஷனரிகள் ஊரைவிட்டு அனுப்பப்பட்டார்கள். சுவீடன் மிஷன் தாங்கிப் பிடித்தது. அந்த நெருக்கடியில்தான் 1919இல் நம் திருச்சபை சொந்தக் காலில் நிற்கத் தொடங்கியது. 1921இல் சுவீடன்காரரான ஹ்யூமன் முதல் பேராயரானார். தமிழர் ஒருவர் அந்த இடத்துக்கு வர 1956 ஆயிற்று. அப்படி வந்த மாணிக்கம் பேராயர் பெயரால் 1972இல் பொறையாற்றில் கல்லூரி வந்தது. இதெல்லாம் மேலிடத்துக் கதை. இதே காலத்தில் தரங்கைச் சபையில் சம்பளம் யார் கொடுத்தார்கள், வெள்ளைக்கார ஐயர் போய்த் தமிழ் ஆயர் வந்தபோது சபையார் எப்படி ஏற்றுக்கொண்டார்கள், வெளிநாட்டுப் பணம் குறையக் குறைய காணிக்கைப் பை எப்படி நிறைந்தது அல்லது நிறையவில்லை என்பதுதான் நான் கேட்கும் கதை.

ரயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கு 1926இல் போட்ட பாதை 1986இல் மூடப்பட்டது. கடைசி ஸ்டேஷனாக இருந்த ஊர், அன்றிலிருந்து பஸ் நின்று போகும் ஊராகிவிட்டது. படித்த பிள்ளைகள் சென்னைக்கும் திருச்சிக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவார்கள், ஆலயம் நிறையும். ஜனவரி இரண்டாம் வாரம் பழையபடி. எல்லாச் சிற்றூர்ச் சபைக்கும் உள்ள கதைதான் என்று தாங்கள் சொல்லலாம். உள்ளதுதான். அதனாலேயே எழுத வேண்டும் என்கிறேன்.

இனி 2004 டிசம்பர் 26. அன்று ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். காலையில் கடல் ஊருக்குள் வந்தது. அப்போது தரங்கம்பாடி இருந்த நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மீனவக் குடும்பத்தினர், அவர்கள் நம் சபையார் அல்ல. ஆனால் கடல் நமக்கும் புதிதல்ல: 1707இல் கட்டிய முதல் எருசலேம் ஆலயம் கடலோரம் நின்று இல்லாமல் போனது. அந்தக் கடலைக் கண்டு வளர்ந்த சபை நாம். நிவாரண அமைப்புகள் எத்தனை படகு, எத்தனை வலை, எத்தனை வீடு என்று அறிக்கை எழுதின. அவை அவரவர் அலுவலகங்களில் இருக்கும். அன்று ஆலயத்துக்குப் புறப்பட்டவர்கள் என்ன பார்த்தார்கள்? யார் யாரைத் தூக்கினார்கள்? யார் வீட்டில் யார் படுத்துத் தூங்கினார்கள்? அடுத்த ஞாயிறு ஆயர் எந்த வசனத்தை எடுத்துப் பிரசங்கித்தார்? ஆலயத்துக்குள் நுழையாத பக்கத்துத் தெருக்காரரோடு அதற்குப் பிறகு உறவு மாறியதா, இல்லை, அரிசி மூட்டை தீர்ந்ததும் பழையபடி ஆனதா? அன்று முப்பது வயதிலிருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். அன்று அறுபதில் இருந்தவர்களில் பலர் இப்போது கல்லறைத் தோட்டத்தில்.

சுனாமிக்குப் பிறகு ஊருக்கு இன்னொரு வெள்ளம் வந்தது, பாரம்பரியம் என்ற பெயரில். டென்மார்க்கிலிருந்து ஆர்வமும் பணமும் வந்தன. இன்டாக் அமைப்பு தட்டார் தெரு வீடுகளைப் பழைய மெருகோடு எடுத்துக் கட்டியது. ஆளுநர் மாளிகை மீண்டது. டேன்ஸ்பர்க் கோட்டைக்குக் கூட்டம் கூடியது. இடிந்து கிடந்த ஊர் நிமிர்ந்தது நல்ல விஷயம், சந்தேகமில்லை. ஆனாலும் ஒரு சங்கடம். பாரம்பரிய நகரம் என்று ஆனபின், ராஜ வீதி ஆலயத்தில் நடக்கும் ஆராதனையும் காட்சிப் பொருள்களில் ஒன்றாகிவிட்டது. நடுப் பிரசங்கத்தில் கேமராவோடு எட்டிப் பார்க்கிறவர்களைப் பற்றிக் கோபப்பட எனக்கு மனசில்லை. இந்தச் சபைக்கு நிகழ்காலம் உண்டு என்று அவர்களுக்குச் சொல்லும் ஒரு சிறு புத்தகம்கூட நாம் வாசலில் வைக்கவில்லையே!

இப்போது கசப்பானது. வரலாறு எழுதினால் சாதியை எழுதாமல் முடியாது. சிலுவை வடிவில் கட்டிய அந்த ஆலயத்துக்குள்ளேயே 18ஆம் நூற்றாண்டில் வெள்ளாளரும் தலித்துகளும் தனித்தனியே உட்கார்ந்தார்கள். 1733 டிசம்பர் 28இல் ஆரோன் குருப்பட்டம் பெற்றதை நாம் பெருமையாகச் சொல்கிறோம். இந்தியப் புராட்டஸ்டண்டுகளில் முதல் குரு அவர், பெருமைதான். அவர் வெள்ளாளர். அதே காலத்தில் தஞ்சைப் பக்கம் உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன், படைவீரராக இருந்து வந்தவர், தலித். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அவர் கையால் மற்றவர்கள் இராப்போஜனம் வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகளே பின்வாங்கினார்கள். அடுத்த நூற்றாண்டில் லைப்சிக் மிஷனின் தலைவர் கார்ல் கிரவுல், சாதி ஒரு சமூக ஏற்பாடு, பலவந்தமாக ஒழிக்கக் கூடாது என்று வாதிட்டார். ஆங்கிலிக்கன் சபைகளில் சாதிக்கு எதிராகக் கண்டிப்பு வந்தபோது, அங்கிருந்து கோபித்துக்கொண்டு நம் பக்கம் வந்த குடும்பங்கள் உண்டு. நம் சபையின் எண்ணிக்கை கூடிய கதையில் இதுவும் ஒரு பக்கம்.

ஆரோனுக்கு விழா எடுக்கும் நாம் ராஜநாயக்கனுக்கு ஒரு ஞாயிறு ஒதுக்கியதுண்டா? அது பழங்கதை என்று தள்ளவும் முடியாது. சபைச் சங்கத் தேர்தலில், சம்பந்தம் பேசுவதில், கல்லறைத் தோட்டத்தில் இடம் ஒதுக்குவதில் அந்தக் கோடு எப்போது அழிந்தது, எங்கே இன்னும் இருக்கிறது என்பதைச் சபையாரே சொல்லட்டும். இதை எழுதினால் சபை உடைந்துவிடும் என்று தங்களிடம் சிலர் வந்து சொல்வார்கள். எழுதாமல் இருந்த இத்தனை காலத்தில் எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அவர்களிடம் தாங்கள் கேட்கலாம்.

நீதிமன்றக் காலத்தையும் விடக் கூடாது. திருச்சபைத் தேர்தல் வழக்குகள் சென்னை உயர் நீதிமன்றம் வரை போய், ஓய்வுபெற்ற நீதிபதி வந்து நிர்வாகம் பார்த்தது நாடறிந்த சங்கதி. எந்த அணி சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை, இந்த வரலாற்றுப் புத்தகமும் தீர்ப்பாக ஆகக் கூடாது. மேலே அப்படி நடந்துகொண்டிருந்தபோது ஒரு சின்ன ஊர்ச் சபையில் திடப்படுத்தல் நடந்தது, திருமணம் நடந்தது, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய் விலை போனது. அதை நடத்தியவர்கள் யார் என்பதைப் பதிவு செய்தால் போதும்.

வேலை பெரிதில்லை, ஐயா. ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகியவற்றின் பழைய பதிவேடுகளை முதலில் படம் எடுக்க வேண்டும். கடற்கரை உப்புக்காற்று காகிதத்தை விட்டுவைக்காது. படப்பிரதி ஒன்று தரங்கையிலேயே இருக்கட்டும், ஒன்று கீழ்ப்பாக்கம் குருகுலத்துக்குப் போகட்டும். பொறையாற்றுக் கல்லூரி நம்முடையதுதானே, அதன் மாணவர்கள் கைப்பேசியோடு வந்து பெரியவர்களிடம் பேசிப் பதிவு செய்யலாம். பெண்கள் சங்கத்தாரிடம் முதலில் போகச் சொல்லுங்கள். சபைச் சங்கக் குறிப்பேட்டில் ஆண்கள் போட்ட தீர்மானங்கள் இருக்கும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது பெண்களுக்குத்தான் தெரியும். வேறு சபைகளுக்குப் பிரிந்துபோனவர்களையும் கேட்க வேண்டும், ஏன் போனீர்கள் என்று. அவர்கள் பதில் நமக்குச் சுவையாக இராது. பெயர் வெளியிட விரும்பாதவர்கள் பெயரை மறைத்துவிடலாம்.

எழுதுகிறவரைத் தாங்கள் நியமியுங்கள். எழுதியதைத் திருத்தும் உரிமையைத் தரங்கைவாசம் வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஒரு நிபந்தனையை மட்டும் வற்புறுத்துகிறேன். மலர்க்குழு போட்டால் முதல் இருபது பக்கம் வாழ்த்துச் செய்தியாகிவிடும் என்பது தங்களுக்கும் தெரியும். அச்சான புத்தகத்தைச் சீகன்பால்க் வீட்டு அருங்காட்சியகத்தில் விற்பனைக்கு வைக்கலாம். ஆலயத்தைப் பார்க்க வருகிறவர்கள் வாங்குவார்கள்.

அடுத்த பெரிய விழா வரும்வரை காத்திருக்கலாம் என்று யாரும் யோசனை சொல்ல வேண்டாம். பதிவேடுகளைப் படம் எடுக்கும் வேலையை ஐப்பசி மழைக்கு முன்னால் தொடங்க உத்தரவு கொடுங்கள். ஆள் தேவை என்றால் நானும் வருகிறேன்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பொறையாற்றுச் சபையார் ஒருவர்