சுரங்களை எளிதாக்குவோம், சொற்களை வெட்ட வேண்டாம்

ராப் பாடலைப் பியானோவில் வாசிக்க முடியாது என்று நம்மில் பலர் சொல்கிறார்கள். முடியும். ஆனால் புதிதாகப் பழகுபவர்களுக்காக அதை எளிதாக்கும்போது, மெட்டுள்ள பல்லவியை மட்டும் வைத்துக்கொண்டு ராப் பகுதியை விட்டுவிடும் வழக்கம் இருக்கிறது. இது சரியல்ல என்பதே எனது கருத்து.

'எஞ்சாயி எஞ்சாமி' பாடலை எடுத்துக்கொள்வோம். சந்தோஷ் நாராயணனின் தயாரிப்பில், தீயும் அறிவும் பாடி, 2021 மார்ச்சில் வெளிவந்தது. பல்லவி இனிமையானது, வலது கையால் விரைவில் பழகிவிடலாம். ஆனால் பாடலின் உயிர் அறிவு சொல்லும் வரிகளில்தான் இருக்கிறது. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். மண்ணைப் பண்படுத்திய கைகளுக்கு அந்த மண் சொந்தமாகவில்லை என்ற ஆதங்கமே அந்த வரிகளில் ஒலிக்கிறது.

மாத்தளை மாவட்டத்தில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதையல்ல. தென்னிந்தியத் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நடந்து மாத்தளைக்கு வந்தார்கள். வழியிலேயே நோயால் மாண்டவர்கள் பலர். பின்னர் 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று முடிவுசெய்தது. இந்த வரலாற்றை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் வாசித்தால் எஞ்சுவது என்ன?

2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' சஞ்சிகையின் அட்டைப்படத்தில் தீ இருந்தார், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் உட்படப் பலர் அதைக் கேள்விக்குட்படுத்தினர். ராப் பகுதியை நீக்கி எழுதப்படும் பியானோத் தாளும் அறியாமலே அதையே செய்கிறது.

"மெட்டே இல்லாத பகுதியில் எதை வாசிப்பது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒவ்வோர் அசைக்கும் ஒரு கட்டையை அழுத்தினால் விரல்கள் தடுமாறும். கேட்கவும் தட்டச்சு அடிப்பது போலிருக்கும். எனவே சொற்களை வாயிடமே விட்டுவிடுவோம். ஒன்று முதல் நான்கு வரை எண்ணுங்கள். ஒன்றிலும் மூன்றிலும் இடது கை ஒரு தாழ்ந்த சுரத்தை வாசிக்கட்டும். இரண்டிலும் நான்கிலும் வலது கை மூன்று சுரங்களை ஒன்றாக அழுத்தட்டும். அதன் மேல் வரிகளைச் சொல்லுங்கள். முதலில் மேசையில் தட்டியபடி மெதுவாகச் சொல்லிப் பழகினால் இலகுவாக இருக்கும். அதுவும் கடினமென்றால் ஒரு தோழி வாசிக்க, மற்றவர் சொல்லலாம். பியானோ இல்லாவிட்டால் சிறிய கீபோர்ட் போதும்.

இந்த முறை நமக்குப் புதியதுமல்ல. நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப வரும் பக்கீர் பாவாமார் றபானைத் தட்டித்தானே பாடுகிறார்கள்? அங்கே சொல்தான் முன்னே நடக்கிறது. றபான் அதற்குத் துணையாக வருகிறது. ராப்பில் பியானோவின் இடமும் அதுவே.

எளிதாக்குவது நல்ல பணி. அது இல்லாவிட்டால் நம்மைப் போன்ற பலர் எந்த இசைக்கருவியையும் தொட்டிருக்கவே மாட்டோம். சுரங்களைக் குறையுங்கள், வேகத்தைக் குறையுங்கள். ஆனால் ஒரு பாட்டியின் உழைப்பைச் சொல்லும் வரிகளைக் குறைக்கும் உரிமை நமக்கு இல்லை.