வாசிக்காத கிடாருக்கு வாய்க்கிற விலை

பழைய கிடார் வாங்கப் போறேன்னு வெளியில சொல்லிப் பாருங்க. உடனே மூணு பேர் வந்து புத்தி சொல்வாங்க. ஒருத்தர், "மார்ட்டின்னா 1969க்கு முந்தினதா பாருங்க, பிரேசில் ரோஸ்வுட், ரோட்டு மேல மனை வாங்கின மாதிரி" என்பார். இன்னொருத்தர், "எல்லாம் ஒரிஜினலா இருக்கணும், ஒரு ஸ்க்ரூ மாறியிருந்தாலும் போச்சு" என்பார. மூணாவது ஆள்தான் உச்சம்: "வாங்கி அப்படியே பெட்டிக்குள்ள வெச்சுடுங்க. வாசிச்சு கீசிச்சு கோடு போட்டுடாதீங்க." அடப்பாவிகளா, கிடாரை அப்புறம் எதுக்குய்யா செய்யறாங்க?

இந்தப் புத்திமதிகளைக் கேட்டுக் கேட்டு எனக்கு ஒரு கருத்து கெட்டியாகிவிட்டது. அக்கூஸ்டிக் கிடார் சேகரிப்பவர்கள் கொட்டிக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சத்தத்துக்காகக் கொடுப்பதில்லை. மரத்தின் பெயருக்கும், கீறல் இல்லாத பாலிஷுக்கும் கொடுப்பது.

முதலில் அந்த 1969 சமாசாரம். மார்ட்டின் கம்பெனி 1833ல் நியூயார்க்கில் ஆரம்பித்தது. ஆறு வருஷத்தில் பென்சில்வேனியாவில் இருக்கிற நாசரேத்துக்குப் போய்விட்டார்கள். (நம்ம தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத் இல்லீங்க.) அவர்களுடைய டி-28 மாடலுக்குப் பின்பலகையும் பக்கப் பலகையும் ரொம்ப காலம் பிரேசில் ரோஸ்வுட்தான். அறுபதுகளின் பிற்பகுதியில் பிரேசில் அந்த மரத்தை முழுத் தடியாக ஏற்றுமதி செய்வதற்குத் தடை போட, 1969ல் மார்ட்டின் வேறு மரத்துக்கு மாறியது. எந்த மரம் தெரியுமா? நம்ம ஊர் ஈட்டி. தோதகத்தின்னும் சொல்வோமே, அதேதான். நீலகிரி, வயநாடு, குடகு பக்கம் வளர்கிற மரம். எங்க தாத்தா வீட்டில் அதில் செய்த ஒரு பீரோ இருந்தது. நாலு ஆள் சேர்ந்தாலும் நகர்த்த முடியாது.

ஆக, 1969க்கு இந்தப் பக்கம் செய்தால் நம்ம ஈட்டி, அந்தப் பக்கம் என்றால் பிரேசில். ஒரே மாடல், ஒரே பட்டறை, செய்த ஆட்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். விலை மட்டும் மலைக்கும் மடுவுக்கும். அதிலும் ஈட்டியை ஏதோ கிடைக்காத குறைக்குப் போட்ட இரண்டாந்தரச் சரக்கு மாதிரி பேசும்போது எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். (ஊர்ப்பாசம்னு வெச்சுக்குங்களேன்.)

பாசத்தை விடுங்க, காதுக்கு வருவோம். 2018ல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆட்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஃபில்டி கிடார்களைச் செய்கிற ரோஜர் பக்னல் ஆறு கிடார் செய்து கொடுத்தார். எல்லாம் ஒரே வடிவமைப்பு. பின்பலகை, பக்கப் பலகை மரம் மட்டும் வேறு வேறு. பிரேசில் ரோஸ்வுட், நம்ம ஈட்டி, மஹாகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். 52 கிடார் கலைஞர்கள் மங்கிய வெளிச்சத்தில், வெல்டிங் கண்ணாடி மாட்டிக்கொண்டு, எது எந்த மரம் என்று தெரியாமல் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். ஆறுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். விலை உயர்ந்த மரம் என்பதால் பிரேசில் ரோஸ்வுட் எந்தத் தனி மரியாதையும் வாங்கவில்லை.

அப்போ பழைய மார்ட்டினுக்கு ஒரு சத்தம் இருக்குன்னு சொல்றதெல்லாம் பொய்யா? இல்லை. இருக்கு, நானே கேட்டிருக்கேன். அது பின்பலகையில் இல்லை, முன்னால் இருக்கிறது. கிடாரில் பேசுவது முகப்பலகைதான். அதற்கு அடியில் எக்ஸ் வடிவத்தில் மெல்லிய குச்சிகளை ஒட்டியிருப்பார்கள், பிரேஸிங் என்று பெயர். ஆறு இரும்புக் கம்பியும் சேர்ந்து ஏறக்குறைய எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் பலகை பிய்ந்து வராமல் தாங்கவும் வேண்டும், அதே சமயம் தாராளமாக அதிரவும் வேண்டும். முப்பதுகளில் மார்ட்டின் இந்தக் குச்சிகளை நடுவில் குடைந்து இளைக்க வைத்தது. பலகை துள்ளும். ஆனால் ஜனங்கள் கனமான கம்பிகளாகப் போட்டு வாசிக்க ஆரம்பித்ததும், ரிப்பேருக்குத் திரும்பி வந்தவை அதிகமாயின. 1944 கடைசியோடு குடைவதை நிறுத்திவிட்டார்கள். 1976ல் எச்டி-28 என்று பெயர் வைத்துக் குடைந்த பிரேஸிங்கை மறுபடி கொண்டு வந்தார்கள்.

இதைக் கவனிச்சீங்கன்னா ஒரு வேடிக்கை புரியும். 1965ல் செய்த டி-28ல் பிரேசில் ரோஸ்வுட் இருக்கும், குடைந்த பிரேஸிங் இருக்காது. போன வருஷம் செய்த எச்டி-28ல் ஈட்டி இருக்கும், குடைந்த பிரேஸிங்கும் இருக்கும். முப்பதுகளின் கிடாருக்குக் கட்டுமானத்தில் எது நெருங்கின சொந்தம்? புதுசுதான். சந்தையில் விலை எதுக்கு? சொல்ல வேண்டியதில்லை.

"எல்லாம் ஒரிஜினலா இருக்கணும்" கோஷ்டிக்கு நான் எப்பவும் சொல்கிற பதில் ஒரு கிடார்தான். 1935ல் செய்த ஒரு டி-28. முதலில் கிளாரன்ஸ் வைட் கையில் இருந்தது, அப்புறம் டோனி ரைஸ் கைக்கு வந்தது. ப்ளூகிராஸ் கேட்கிறவர்களுக்கு இந்த இரண்டு பேரையும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. அந்தக் கிடாரின் நடு ஓட்டையை யாரோ குடைந்து பெரிசாக்கியிருந்தார்கள். விரல் பலகை அதனுடையது இல்லை, மாற்றிப் போட்டது. கிளாரன்ஸ் வைட் 1973ல் செத்துப்போன பிறகு, ரைஸ் அதைத் தேடிக் கண்டுபிடித்து 1975ல் 550 டாலருக்கு வாங்கினார். 1993ல் ஃப்ளோரிடாவில் இருந்த அவர் வீட்டுக்குள் புயல் வெள்ளம் புகுந்து கிடார் தண்ணியில் முழுகியே போனது. எடுத்து, உலர்த்தி, பிரித்து ஒட்டி, மறுபடி வாசித்தார். சேகரிப்பாளர் கணக்குப்படி அது கெட்டுப்போன கிடார். ஆனால் அந்தப் பெரிய ஓட்டையோடு சேர்த்து அதைப் பார்த்துப் பார்த்துப் புதுக் கிடார் செய்கிறார்கள். ரைஸ் 2020 கிறிஸ்துமஸ் அன்று போய்ச் சேர்ந்தார். அவர் வாசித்ததைக் கேட்டுவிட்டு, "விரல் பலகை ஒரிஜினல் இல்லையே"ன்னு எவனாவது சொல்வானா?

வில்லி நெல்சனுடைய 'ட்ரிக்கர்' இன்னும் மோசம். அதுவும் மார்ட்டின்தான், நைலான் கம்பி போட்ட என்-20. 1969லிருந்து வாசித்து வாசித்து முகப்பலகையில் ஒரு பெரிய பொத்தலே விழுந்துவிட்டது. பிரிட்ஜுக்கும் நடு ஓட்டைக்கும் பக்கத்தில் இரண்டாவதாக ஓர் ஓட்டை. அதை அடைக்கவும் இல்லை, ஓய்வு கொடுக்கவும் இல்லை.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. எல்லாத்தையும் வாசிச்சே தேய்ச்சுட்டா நாளைக்குப் பார்க்க என்ன மிச்சம் இருக்கும்? 2015ல் வந்த 'தி ஹேட்ஃபுல் எய்ட்' படத்தில் நடந்தது எல்லாருக்கும் தெரிந்த கதை. மார்ட்டின் அருங்காட்சியகம் இரவல் கொடுத்த 1870களின் கிடாரை, உடைப்பதற்கென்று செய்து வைத்த நகலாக்கும் என்று நினைத்து கர்ட் ரஸ்ஸல் அடித்து நொறுக்கிவிட்டார். பக்கத்தில் ஜெனிஃபர் ஜேசன் லீ பதறுகிறாரே, அது நடிப்பில்லை. அதோடு அருங்காட்சியகம் படங்களுக்கு இரவல் கொடுப்பதையே நிறுத்திவிட்டது. சரியான முடிவு. அந்த வயசுக் கிடார் கண்ணாடிக்குள் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணையே இல்லை. நாசரேத்து அருங்காட்சியகத்துக்கு நியூ ஜெர்சியில் என் வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேர டிரைவ். மூணு தடவை போயிருக்கேன். அங்கே வெச்சா ஊரே வந்து பார்க்கும். தனி ஆள் ஒருத்தர் வீட்டு நிலவறையில் இருபது கிடாரைப் பூட்டி வைத்தால் யார் பார்ப்பது, யார் கேட்பது? என் சண்டை அந்த நிலவறையோடுதான்.

பிரபலங்களின் கிடார் ஏலம் எல்லாம் தனிக் கதை. எரிக் கிளாப்டன் 1992 அன்ப்ளக்டில் வாசித்த 1939 மார்ட்டின் 000-42, 2004ல் 7,91,500 டாலருக்குப் போனது. கர்ட் கோபெய்ன் 1993 அன்ப்ளக்டில் வாசித்த 1959 மார்ட்டின் டி-18இ, 2020ல் அறுபது லட்சம் டாலர். அங்கே விலை வாசித்தவருக்கு. மரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை, அந்த மட்டில் சந்தோஷம்.

இன்னொரு நடைமுறைத் தொல்லை. பிரேசில் ரோஸ்வுட் 1992லிருந்து சைட்டீஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது, புலி யானையெல்லாம் இருக்கிற பட்டியல். அந்தக் கிடாரைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டுமென்றால் முறையான சான்றிதழ் வேண்டும். 2017ல் நம்ம ஈட்டி உட்பட எல்லா ரோஸ்வுட் வகைகளும் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. 2019 கடைசியில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்தார்கள். பிரேசிலுக்கு மட்டும் விலக்கு இல்லை. சென்னைக்கு லீவில் போகும்போது மாமா வீட்டு மாடியில் உட்கார்ந்து வாசிக்க முடியாத கிடார் எனக்கெதற்கு?

புதுக் கிடார்களைப் பற்றி அலட்சியமாகப் பேசுபவர்களையும் எனக்குப் பிடிக்காது. காலிங்ஸ், சாண்டா குரூஸ் மாதிரி சின்னப் பட்டறைகள் செய்வதை எடுத்து வாசித்துப் பாருங்க. டெய்லர்காரர்கள் 1999ல், போல்ட் போட்டு மாட்டும் கழுத்துக்கு ஒரு புது முறையைக் கொண்டு வந்தார்கள். கழுத்துச் சாய்வைச் சரி செய்வது சில நிமிஷ வேலையாகிவிட்டது. அதே ஆட்கள் 2011ல் கேமரூனில் ஒரு கருங்காலி மர ஆலையைக் கூட்டாக வாங்கினார்கள். பத்து மரம் வெட்டினால் ஒன்றுதான் முழுக்கறுப்பாக இருக்கும், மற்றதைக் காட்டிலேயே போட்டுவிட்டு வந்துவிடுவார்கள் என்பது அதற்கப்புறம்தான் வெளியே தெரிந்தது. இப்போது பழுப்புக் கோடு ஓடின கருங்காலியும் விரல் பலகையாக வருகிறது. அழகாகத்தான் இருக்கு.

கடைசியில் நான் வாங்கினது ஐம்பதுகளின் டி-18. மஹாகனி உடம்பு. (கோபெய்னோடதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் தம்பி முறை.) முகப்பலகையில் ஒட்டின விரிசல் ஒன்று, பாலிஷ் யாரோ எப்பவோ புதுசாகப் போட்டது. பாலிஷ் மாறினால் விலை பாதி என்பது வியாபாரிகளின் வாய்ப்பாடு. எனக்கு வேண்டியதும் அந்தப் பாதி விலைதான். பையன் ஸ்கூல் விட்டு வந்ததும் அதைத்தான் எடுக்கிறான், பெல்ட் பக்கிள் படுமேன்னு நான் பதறுவதில்லை.

நீங்களும் அப்படி ஒன்று தேடினால் இதை மட்டும் பாருங்க. நாசரேத்தில் 1898லிருந்து வரிசை எண் போடுகிறார்கள். நடு ஓட்டை வழியாக உள்ளே பார்த்தால் கழுத்து வந்து சேரும் கட்டையில் எண் இருக்கும், அதை வைத்து வருஷத்தைச் சரிபார்க்கலாம். உள்ளே விரலால் தட்டிப் பாருங்க, குச்சி ஏதாவது விட்டிருந்தால் கடகடக்கும். சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் கொண்டு போனால் பிரிட்ஜுக்கு அடியில் உள்ள பலகை தேய்ந்திருக்கிறதா என்று தெரியும். முக்கியமா, பிரிட்ஜ் மேல் வெள்ளைத் துண்டு எவ்வளவு உயரம் நிற்கிறது, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் கம்பி எவ்வளவு தூக்கலா இருக்குன்னு பாருங்க. துண்டை அடி வரைக்கும் ராவியும் கம்பி உயரமாகவே நின்றால், கழுத்தை நீராவி விட்டுக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டியிருக்கும். பழைய மார்ட்டின்களுக்கு அது சகஜம், பயப்பட வேண்டாம். அந்தச் செலவு எவ்வளவு ஆகும்னு ஒரு ரிப்பேர்காரரிடம் முன்னாடியே கேட்டு, விலையில் கழிச்சுட்டுப் பேசுங்க.