சத்தம் தானா ஏறுது, தானா இறங்குது: செட்டை மாத்தறதுக்கு முன்னாடி

காரில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் தொடாமலே வால்யூம் ஏறினாலோ இறங்கினாலோ நம்ம பக்கத்தில் ஒரே ஒரு தீர்ப்புதான் கிடைக்கும். "செட்டு போயிடுச்சு சார், புதுசு போட்டுடலாம்." காரைக்காலுக்கு மட்டும் கூடுதலாக இன்னொன்று உண்டு. திருநள்ளாறு ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறதல்லவா, "சனி பிடிச்சிருக்கு" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். என்னைக் கேட்டால் இரண்டு தீர்ப்பும் ஒன்றுதான். இரண்டிலுமே யாரும் எதையும் திறந்து பார்க்கவில்லை :-)

செட்டை மாற்றுவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டும் என்பது என் கட்சி. சத்தம் மாறும்போது திரையில் தெரியும் வால்யூம் எண்ணும் கூடவே மாறுகிறதா, மாறவில்லையா? அவ்வளவுதான். எண் மாறுகிறது என்றால் யாரோ செட்டுக்குக் கட்டளை போடுகிறார்கள். அது நாப், ஸ்டீயரிங் பட்டன், போன் இந்த மூன்றில் ஒன்று. எண் அப்படியே நிற்க சத்தம் மட்டும் மாறினால் கட்டளையில் கோளாறில்லை, வயர், ஸ்பீக்கர், பாட்டு, ரேடியோ என்று வேறு இடத்தில் தேட வேண்டும். ஓட்டுகிறவர் இதைப் பார்க்கக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கட்டும்.

முதலில் நாப். கடலோர ஊர்க்காரர்கள் அதிகம் சந்தேகப்பட வேண்டிய ஆசாமி இவர்தான். பழைய செட்டுகளில் நாப்புக்குப் பின்னால் கார்பன் பட்டை ஒன்று இருக்கும், ஒரு எல்லையில் திருப்பம் நின்றுவிடும், கெட்டுப்போனால் கரகரவென்று சத்தம் வரும். இப்போது இருப்பது முடிவில்லாமல் சுற்றும் வகை. இதன் பெயர் என்கோடர். உள்ளே இரண்டு தொடுமுனைகள். திருப்பும்போது இரண்டுமே மாறி மாறித் தொட்டு விடும், ஆனால் ஒன்று கொஞ்சம் முந்தும். எது முந்தியது என்று பார்த்துத்தான் நாம் வலப்பக்கம் திருப்பினோமா, இடப்பக்கமா என்று செட்டு முடிவு செய்கிறது. ஒரு முனையில் பாசி மாதிரிப் படலம் பிடித்துவிட்டால் கணக்கு குழம்பிவிடும். கூட்டத் திருப்பினால் குறையும், 14-ல் இருந்து 15, மறுபடி 13, திடீரென்று 22 என்று தாவும். நாப் இரண்டு படிகளுக்கு நடுவே நின்றிருந்தால், வேகத்தடையில் ஏறி இறங்கும் அதிர்விலேயே கை வைக்காமல் எண் ஓடும். உப்புக்காற்றும் ஐப்பசி, கார்த்திகை ஈரமும் சேர்ந்தால் உலோகத்துக்கு என்ன ஆகும் என்று நம்ம ஊர் ஜன்னல் கம்பியைப் பார்த்தாலே தெரியும்.

என் சித்தப்பா பிஒய் 02 எண் போட்ட வண்டியில் சவாரி ஓட்டுகிறார். சனிக்கிழமை என்றால் திருநள்ளாறு, மற்ற நாட்களில் நாகூர், வேளாங்கண்ணி. ஒரு மழைக்காலத்தில் அவர் செட்டு இப்படித்தான் ஆடியது. பின் சீட்டில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, சத்தம் முழுசாக ஏறி, அவர் ஸ்டீயரிங்கை விட்டு நாப்பைப் பிடிக்கப் போக, எதிரே லாரி. ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே கடைக்குப் போனார், 8,500 ரூபாய் சொன்னார்கள். நான் எண்ணைப் பார்த்தேன், அது தாவியது, அதுவும் நாப்பைத் தொட்டால் அதிகமாகத் தாவியது. எலக்ட்ரானிக்ஸ் காண்டாக்ட் கிளீனர் வாங்கி, செட்டை அணைத்துவிட்டு, நாப்பின் அடியில் அடித்து நாற்பது தடவை முன்னும் பின்னும் திருப்பிக் காயவிட்டோம். சில மாதம் ஓடியது. பிறகு டிவி ரிப்பேர் செய்கிற ஒருவர் நூறு ரூபாய்க்கும் குறைவான என்கோடரை மாற்றிச் சால்டர் வைத்துக் கொடுத்தார். (துருவுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் அடித்துவிடாதீர்கள். எண்ணெய் உள்ளே தங்கித் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.)

அடுத்தது ஸ்டீயரிங் பட்டன். பல கார்களில் எல்லாப் பட்டனுக்கும் ஒரே வயர்தான். ஒவ்வொரு பட்டனும் ஒவ்வொரு அளவு மின்தடையைக் காட்டும், அதை வைத்து எந்தப் பட்டன் என்று செட்டு கண்டுபிடிக்கும். தொடுமுனை அழுக்கானால் தடை மாறி, பாட்டை மாற்றும் பட்டனை வால்யூம் பட்டன் என்று எடுத்துக்கொள்ளும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் கோளாறு வருகிறது, ஹாரனும் விட்டுவிட்டு அடிக்கிறது, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் உள்ளே சுருண்டிருக்கும் பட்டை வயர் போயிருக்கலாம். இதில் மட்டும் விளையாட வேண்டாம். ஏர்பேக் வெடிக்கும் சாமான். பழக்கமுள்ள சர்வீஸ் ஆளிடம் விடுங்கள்.

போன் கதை சின்னது. ஆண்ட்ராய்டு 6 (2015) தொடங்கி புளூடூத்தில் போன் வால்யூமும் செட் வால்யூமும் ஒன்றாகக் கட்டப்பட்டு வருகின்றன. சில செட்டுகளுக்கு இது ஒத்துவராது, இணைந்த உடனே தூக்கிப்போடும். பல போன்களில் டெவலப்பர் அமைப்புகளுக்குள் இதை நிறுத்த ஒரு வழி இருக்கிறது. வழி சொல்லும் மேப் பேசும்போது பாட்டு தணிவது கோளாறே அல்ல.

இனி எண் மாறாத கேஸ். இங்கேதான் நல்ல செட்டுகள் அநியாயமாகக் கழற்றப்படுகின்றன. வேகம் கூடினால் சத்தத்தைத் தானே கூட்டும் வசதி பல கார்களில் இருக்கிறது. டொயோட்டாவில் ஏஎஸ்எல், ஃபோக்ஸ்வேகனில் காலா என்று ஆளுக்கொரு பெயர் (2018-ல் வந்த ரஜினி படத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). தேசிய நெடுஞ்சாலை 32-ல் தரங்கம்பாடி தாண்டி வேகம் எடுத்தால் சத்தம் ஏறும், காரைக்கால் ஊருக்குள் நுழைந்தால் இறங்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கிய காரில் கையேடு எங்கே இருக்கிறது, யாருக்குத் தெரியும்? வண்டியை நிறுத்தி இஞ்சின் ஓட, அதே பாட்டைப் பத்து நிமிடம் கேளுங்கள். மாறவில்லை, ஆனால் ஓட்டினால் மாறுகிறது என்றால் மெனுவில் இதை அணைத்துப் பாருங்கள். காசு செலவில்லை.

ஓட்டும்போது மாறுவது மேடு பள்ளத்தில் மட்டும் என்றால் வயர். ஒரு பக்கம் மட்டும் போய் வந்தால் அந்தக் கதவைத் திறந்து மூடுங்கள், கீல் பக்கத்து ரப்பர் குழாய்க்குள் வயர் மடங்கி மடங்கி அறுந்திருக்கும். எல்லாப் பக்கமும் சேர்ந்து போனால் செட்டுக்குப் பின்னால் இருக்கும் சாக்கெட், எர்த். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன் ஒன்று: சில செட்டுகள் திரும்பவும் இரகசிய எண் கேட்கும், அது கையில் இருக்கிறதா பாருங்கள்.

ரேடியோவில் மட்டும் என்றால் செட்டைத் திட்டவே வேண்டாம். நம்ம காரைக்கால் வானொலி 100.3-ஐப் போட்டுக்கொண்டு ஊரைவிட்டுத் தூரம் போகப் போக, எஃப்எம் பழைய மீடியம் வேவ் மாதிரி மெல்லத் தேய்வதில்லை. அலை தளர்ந்ததும் இரைச்சலை மறைக்க செட்டே ஸ்டீரியோவை விட்டு மோனோவுக்கு வந்து, கூர்மையான ஒலிகளை வெட்டி, சத்தத்தையும் தணிக்கும். காதுக்கு வால்யூம் இறங்கிய மாதிரி இருக்கும். பென் டிரைவில் மட்டும் என்றால் பாட்டுகளேதான். 80-களின் பாட்டைக் கேசட்டிலிருந்து ஏற்றியவரும், நேற்று வந்த பாட்டை அதிகபட்ச அளவில் பதிந்தவரும் ஒரே ஃபோல்டரில் இருக்கிறார்கள். எம்பி3கெயின் மாதிரி இலவச மென்பொருளில் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரலாம்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. புது செட்டு போட அரை மணி நேரம், லாபமும் உண்டு. கோளாறைத் தேட இரண்டு மணி நேரம் ஆகும், அதற்கு இருநூறு ரூபாய் கேட்டால் "சும்மா பாத்ததுக்கா?" என்று நாம்தானே சண்டை போடுகிறோம்! தேடுவதற்குக் கூலி கொடுக்காத ஊரில் மாற்றுகிறவர்தான் மிஞ்சுவார். அதனால் கடைக்குப் போனால் "செட்டு சரியில்லை" என்று சொல்லாதீர்கள். "எண் மாறலை, இடது கதவு மட்டும் போகுது" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரிப் போகும்.

உண்மையிலேயே செட்டு போவதும் உண்டு. காலையில் நன்றாக இருந்து, அரை மணி ஓடிச் சூடானதும், எண் மாறாமல், ரேடியோ, பென் டிரைவ், போன் எல்லாவற்றிலும், எல்லா ஸ்பீக்கரிலும் சத்தம் விழுகிறது, வயரும் எர்த்தும் சரி என்றால் உள்ளே ஆம்ப்ளிஃபையர் சிப் சந்தேகம்தான். அப்போது தாராளமாக மாற்றுங்கள். பெரிய தொடுதிரை மட்டும் இருப்பதை வாங்காமல், இருட்டிலும் கை தானே கண்டுபிடிக்கிற மாதிரி நாப் வைத்ததாக, ஆன் செய்யும்போது வால்யூமுக்கு உச்சவரம்பு வைக்க முடிவதாகப் பார்த்து வாங்குங்கள்.