மாத்திரை வீட்டுக்கு வருகிறது, சொல்லித்தர ஆள் எங்கே?

வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் ஒரு கோடியாவது பயனாளிக்குத் திருச்சி மாவட்டம் சன்னாசிப்பட்டியில் தமிழக அரசு மருந்துப் பெட்டகம் கொடுத்தது 2022 டிசம்பர் 29 அன்று. கொரோனா காலத்தில் சேர்த்த 2,300-க்கும் மேற்பட்ட ஒப்பந்தச் செவிலியர்களை வீட்டுக்கு அனுப்பியது டிசம்பர் 31 அன்று. இரண்டாவது முடிவு தவறானது, இரக்கமற்றது. மாவட்ட சுகாதாரச் சங்கம் வழியாக மாற்று வேலை உண்டு என்றார்கள். அதுவும் தற்காலிக வேலைதான்.

இதைச் செவிலியர்களின் பிழைப்புப் பிரச்சினை என்று மட்டும் பார்ப்பவர்கள் சென்னைப் புறநகர் அண்ணனூருக்கு வரட்டும். இங்கே ரயில் பணிமனையிலும், பக்கத்தில் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும், ஆவடித் தொழிற்சாலைகளிலும் ஷிப்டு பார்க்கிறவர்கள் நிறைய. அவர்களிலும் சர்க்கரை நோயாளிகள் உண்டு. சுகர் மாத்திரையோ சாப்பாட்டு நேரத்தை ஒட்டியது. கிளிமிபிரைடு போட்டுவிட்டுச் சாப்பாடு தள்ளிப்போனால் வியர்த்துக்கொட்டும், கை நடுங்கும். ஒருமுறை அப்படி ஆனவர் மறுநாள் மாத்திரையைத் தொடமாட்டார். மெட்பார்மின் வயிற்றைக் கலக்கினால் அதையும் ஓரங்கட்டுவார். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை குறைந்திருந்தால் ‘நோய் போய்விட்டது’ என்று நிறுத்துகிறவர் உண்டு. தொடர்ந்து போட்டால் கிட்னி கெட்டுவிடும் என்று பயந்து, பாகற்காய்ச் சாற்றோடு நிறுத்திக்கொள்கிறவரும் உண்டு. உண்மையில் கிட்னியைக் கெடுப்பது கட்டுக்கடங்காத சர்க்கரைதான். இதை ஒருவர் உட்கார்ந்து, அவர் வேலை நேரத்தைக் கேட்டு, எதைச் சாப்பாட்டுக்கு முன், எதைப் பின் என்று சொல்லித்தர வேண்டும். கூட்டம் நெரியும் மருத்துவருக்கு அதற்கு நேரமில்லை. மருந்து கொண்டுவரும் தன்னார்வலர் ஊக்கத்தொகைக்குத் தெருத்தெருவாக நடக்கிறார். அவரைக் குறை சொல்வது பாவம். இது செவிலியரின் வேலை. மூன்றாம் மாதமும் அதே சிஸ்டர் இருந்தால்தான், மாத்திரையை முழுங்காமல் டப்பாவில் சேர்த்து வைத்திருப்பதை நோயாளி ஒப்புக்கொள்வார்.

தொற்றா நோய்கள் பற்றிய தமிழ்நாட்டின் 2020 ஸ்டெப்ஸ் ஆய்வு சொன்னது சுகாதாரத் துறைக்குத் தெரியாததா? பெரியவர்களில் 17.6 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது 10.8 சதவீதம் பேருக்கு மட்டும். நீண்டகால நோய்களில் மருந்தை ஒழுங்காக எடுப்பவர்கள் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாகப் பாதிப் பேர்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-லேயே எச்சரித்தது. பெட்டகங்களை எண்ணினால் போதும், முழுங்கிய மாத்திரையை யார் எண்ணுவது என்ற நினைப்பில் திட்டம் நடத்துகிறவர்களுக்கு இந்த எண்கள் உறைக்கவே இல்லை.

செவிலியர்களை இப்படிக் கைவிடுவது துறைக்குப் புதிதும் இல்லை. 2015-ல் தேர்வு வைத்துச் சேர்த்த ஆயிரக்கணக்கான செவிலியர்களுக்கு மாதம் 7,700 ரூபாய் கொடுத்து, இரண்டே ஆண்டில் நிரந்தரம் என்றார்கள். 2017 நவம்பரில் அவர்கள் தேனாம்பேட்டையில் மருத்துவத் துறை இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் தரையில் உட்கார்ந்து அதைக் கேட்க வேண்டியிருந்தது. 2021-ல் ஆட்சி மாறியது. கோப்பில் எழுதும் கை மாறவில்லை. 2020-ல் உயிரைப் பணயம் வைக்கக் கூப்பிட்டபோது கொரோனா செவிலியர்களைக் கைதட்டி வரவேற்றார்கள். தொற்று தணிந்ததும் ஒப்பந்தம் முடிந்தது என்று ஒரே வரியில் அனுப்பிவிட்டார்கள். தேவைப்படும்போது கூப்பிட்டு, தேவை தீர்ந்ததாகத் தாங்களே முடிவுகட்டி வெளியே தள்ளுவதை நிர்வாகம் என்று எந்த வாயால் சொல்கிறார்கள்? சர்க்கரை நோய்க்குத் தேவை தீரும் நாள் என்று ஒன்று உண்டா?

டிசம்பர் 31 முடிவை முதலில் திரும்பப் பெற வேண்டும். சர்க்கரை நோயாளியிடம் பேசுவதையே வேலையாகக் கொண்ட நிரந்தரச் செவிலியர்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வேண்டும். எத்தனை பேர், எந்த நிதியில் என்பதைத் துறை உட்கார்ந்து யோசிக்கட்டும். அதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.